பழைய ஏழா, பென்குயினா

மண்ணூர்பேட்டையில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் மொத்தம் நான்கு பேர். முதலாளி பாய், பூந்தமல்லிக்காரர். மெஷின் ஓட்டும் அண்ணாத்தே, ஆஃப்செட் மெஷின் சத்தத்தில் பாதிக் காது போனவர். மீதிக் காதையும் தேவைப்பட்டால்தான் திறப்பார். கம்ப்யூட்டரில் டிசைன் போடும் அக்கா. நான்காவது நான். என் வேலைக்குத் தனியாகப் பெயர் கிடையாது. பேப்பர் வெட்டுவேன், கட்டு கட்டுவேன், டீ வாங்கி வருவேன், கஸ்டமரிடம் வாயடிப்பேன். கடைசியாகச் சொன்ன வேலையை யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

பத்தாவதில் கணக்கு என்னை இரண்டு முறை தோற்கடித்தது. மூன்றாவது முறை நான் போகவில்லை. பாவம், அதற்கும் சலித்துப் போயிருக்கும். பிறகு ஆவடியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் ஒரு வருஷம் ஸ்க்ரூ கழற்றினேன். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எதைக் கழற்றினாலும் முகத்தில் பயம் தெரியக் கூடாது. அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் பாயிடம் வேலை கேட்டபோது கம்ப்யூட்டரும் தெரியும் என்றேன். வீடியோ பார்த்துக் கற்றதா, வகுப்புக்குப் போய்க் கற்றதா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

அக்காவுக்குத் திருநின்றவூரில் வாடகை வீடு. காலையில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட் வழியாக நடந்தே வந்துவிடுவார். பதினாறு வருஷமாக அதே நாற்காலி. பழைய டைப்ரைட்டர் முறையில், கீபோர்டைப் பார்க்காமல் இரண்டு கைகளாலும் அடிப்பார். பார்த்தாலும் பிரயோஜனம் இல்லை. எழுத்தெல்லாம் தேய்ந்து பட்டன்கள் மொட்டையாகத்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகை, பில் புக், மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்று நான்கையும் ஒரே முகத்தோடு அடிப்பவர். "அக்கா, கண்ணீர் அஞ்சலிக்காவது ஒரு சொட்டு விடக்கூடாதா" என்று கேட்டால் ஸ்கேலால் முட்டியில் ஒன்று விழும்.

அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் ஏழு. அக்கா அதைப் "பழைய ஏழு" என்பார். அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், அதில் அவருடைய பழைய தமிழ் எழுத்துருக்கள், அந்த எழுத்துருக்களில் பதினாறு வருஷ டிசைன். அந்தப் பதிப்புக்கு இப்போது புது அப்டேட் எதுவும் வருவதில்லை. அதோடு, எங்கள் பெட்டியில் ஓடியது காசு கொடுத்து வாங்கியதும் இல்லை. எப்போதோ ஒரு சர்வீஸ்காரர் பையிலிருந்து டிவிடி எடுத்துப் போட்டுவிட்டுப் போனது. இதற்கு நடுவில் வருகிறவன் போகிறவனெல்லாம் பென் டிரைவைச் சொருகுவான். ஒரு பென் டிரைவ் எங்கள் கடைக்கு வருவதற்கு முன் எந்தெந்தக் கடையில் தங்கிவிட்டு வந்தது என்று அதற்கே தெரியாது.

இதெல்லாம் தெரிந்துதான் அக்கா ஒரு பழக்கம் வைத்திருந்தார். சனிக்கிழமை தோறும் பீரோவைத் திறந்து ஒரு கறுப்பு ஹார்டு டிஸ்கை எடுப்பார். அந்த வார வேலையை அதில் ஏற்றுவார். உடனே கழற்றி, பில் புக்குகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். கம்ப்யூட்டர் எரிந்து போனாலும் அந்த டிஸ்க் இருந்தால் கடை இருக்கும். ஒரு சனிக்கிழமை கூட அவர் தவறியது இல்லை. அவ்வளவு ஒழுங்கையும் ஒரே ஒரு நாளில் கெடுத்தவன் யார் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டால் மட்டும் போதாது. கற்பூரம் காட்டும் நேரத்தில் மெஷின் ஓட வேண்டும். லேத்து கடையில் லேத்து சுற்றும், எங்கள் கடையில் ஆஃப்செட் நாலு தாளைத் துப்பும். பூஜை முடிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மறுநாள் காலை வரை யாரும் எதையும் தொடக் கூடாது. பூஜை எங்களுடையது, பொரி பாயுடையது. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூசணிக்காயை ரோட்டில் சரியாக உடைக்கிறோமா என்று மேற்பார்வை பார்ப்பார்.

அக்கா பீரோ சாவியை என்னிடம் கொடுத்துச் சொன்னார்: "அந்த கறுப்பு பொட்டியும் எடுத்து வெய்டா. அதுவும் நமக்கு சோறு போடுற சாமான்தான்."

எடுத்து, பீரோவைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தேன். சந்தனப் பொட்டு வைத்தேன். பார்த்தால் செத்த எலி மாதிரி சும்மா கிடந்தது. மெஷினெல்லாம் ஓடும்போது இது மட்டும் ஓடாமல் இருந்தால் பூஜை அதற்குச் சேருமா என்று எனக்கு ஒரு சந்தேகம். இந்த மாதிரிச் சந்தேகம் கணக்குப் பரீட்சையில் வந்திருந்தால் நான் வேறு எங்கேயோ இருந்திருப்பேன். வயரை எடுத்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் சொருகினேன். சாமந்தி மாலைக்கு நடுவில் நீல விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. கர்ப்பக்கிரகம் தோற்றது போங்கள்.

கற்பூரம் காட்டினோம். ஆஃப்செட்டை அண்ணாத்தே நிறுத்தினார். நான் கம்ப்யூட்டரை நிறுத்தப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். மெஷினை நிறுத்தியதோடு சரி, இனி பூஜை போட்டதைத் தொடக் கூடாதாம். ஸ்விட்சை அமுக்குவதும் தொடுவதில்தான் சேர்த்தியாம். நியாயமாகப் பட்டது. ஷட்டரை இறக்கிவிட்டுப் பொரியோடு வீட்டுக்குப் போனோம். உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, டிஸ்க் மாட்டியபடியே இருந்தது. அன்றைக்கு எஸ்டேட் முழுக்க லீவு. வைரஸுக்கு மட்டும் லீவு இல்லை.

அது எப்படி உள்ளே வந்தது என்று இன்றுவரை தெரியாது. யாரோ ஒருவருடைய பென் டிரைவாக இருக்கலாம், பில் என்று சொல்லி வந்த மெயிலாக இருக்கலாம். வந்தது வந்துவிட்டது, ஒரு பகல் ஒரு இரவு முழுவதும் யாருடைய தொந்தரவும் இல்லாமல் நிதானமாக வேலை பார்த்திருக்கிறது.

விஜயதசமி காலையில் அக்கா மௌஸைத் தொட்டார். திரையில் சிவப்பாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம். அக்கா அதை விளம்பரம் என்று நினைத்து மூடப் பார்த்தார். மூடவில்லை. டிசைன்கள் எல்லாம் வெள்ளைத் தாளாகிக் கிடந்தன. ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்தில் ஒரு வால் முளைத்திருந்தது. பாயின் மருமகன் ஐ.டி.யில் வேலை பார்ப்பவர். அவருக்குப் போன் போட்டுக் கடிதத்தைப் படித்துக் காட்டினோம். உங்கள் ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டார்கள், சாவிக்குப் பணம் கேட்கிறார்கள், கொடுத்தாலும் சாவி வரும் என்று நம்ப முடியாது என்று அவர் சொன்னார்.

பாய் தலையில் கைவைத்தார். அக்கா மட்டும் பதறவில்லை. "பரவால்ல பாய். நம்மாண்ட டிஸ்க்கு கீது" என்று இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டே பழக்க தோஷத்தில் பீரோ பக்கம் திரும்பினார். திரும்பியவர் பாதியில் நின்றார். முந்தின நாள் மாலைக்கு நடுவிலிருந்து நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. மெதுவாக மாலையை விலக்கினார். வயரைப் பார்த்தார். டிஸ்கைத் திறந்து பார்த்தோம். அதிலும் எல்லாவற்றுக்கும் வால்.

"இத யாரும்மா இங்க எடுத்து வெச்சது?" என்றார் பாய்.

என் வாய் எப்போதும் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை. "அக்காதான் பாய் எடுத்து வெக்க சொன்னாங்க."

அதில் ஒரு எழுத்து கூடப் பொய் இல்லை. அதுதான் அதிலிருந்த கேவலம். அக்கா என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். ஃபேனில் அவ்வளவு தூசி இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"ஆமா பாய், நான்தான் சொன்னேன்" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

பாய் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "பதினாறு வருசம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

அடுத்த இரண்டு நாள் எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது, அதில் எதைப் போடுவது என்று பஞ்சாயத்து. மருமகன் கடித்த பழம் போட்ட கம்ப்யூட்டரைச் சொன்னார். பாதுகாப்பு, அழகு, தொல்லையே இல்லை என்றார். பாய் கடைக்குப் போன் போட்டு விலை கேட்டார். போனை வைத்துவிட்டு அண்ணாத்தேயிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்தக் கட்சி அத்தோடு முடிந்தது. சர்வீஸ்காரர் வந்து, பழைய ஏழையே இன்னொரு டிவிடியில் போட்டுத் தருகிறேன், மதியத்துக்குள் வேலை ஆரம்பிக்கலாம் என்றார். திருடன் புகுந்த கதவுக்குத் திரும்பவும் அதே பூட்டா என்று பாய் அவரை அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது பாய், இலவசம், திருட்டு டிவிடி தேவையில்லை, தினம் புது அப்டேட் வரும், விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் இதில் ஓடவே ஓடாது என்றெல்லாம் அளந்தேன். அதைச் செய்தவர் என் தாய்மாமன் மாதிரி பேசினேன். அக்காவுக்கு நல்லது செய்வதாக எனக்கே ஒரு நினைப்பு. உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடியது: புது விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் பழைய விஷயத்தை யாரும் கிளற மாட்டார்கள்.

"தமிழு எல்லாம் வருமா தம்பி?"

"ஜம்முனு வரும் பாய்."

வருமா என்று நான் பார்த்திருக்கவில்லை.

பழைய பெட்டியை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு, பாய் வீட்டிலிருந்து வந்த இன்னொரு கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றினேன். திரையில் லினக்ஸின் சின்னமான பென்குயின் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இன்னாடா இது, வாத்து?"

"பென்குயின்க்கா."

"வாத்துக்கு கோட்டு மாட்டி உட்டுகினு பேசற. என் பேஜ்மேக்கர் எங்க?"

பேஜ்மேக்கர் அதில் ஓடாது என்பது எனக்கும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது. சுற்றுவழியாக ஓட்டிப் பார்த்தேன். திறந்தது, எங்களை ஒரு பார்வை பார்த்தது, மூடிக்கொண்டது. தப்பான கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டவர் மாதிரி. வேறு ஒரு சாஃப்ட்வேரைப் பிடித்து மாட்டினேன். பழைய டைப்ரைட்டர் முறையில் அடிப்பதற்கு வழி கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு அக்காவின் விரல் ஓடியது, ஆனால் அடித்ததை இழுத்து வைக்கிற இடம், பார்டர் போடுகிற இடம், எழுத்தைப் பெரிதாக்குகிற இடம் எதுவும் பழைய இடத்தில் இல்லை. முன்னே கையை நீட்டினால் உப்பு ஜாடி இருக்கும் சமையல் கட்டில், ஒருவன் இரவோடு இரவாக வந்து எல்லா ஜாடியையும் மாற்றி வைத்தால் எப்படி இருக்கும். அந்த ஒருவன் நான்.

பாஸ்வேர்டு வேறு. எதைச் செய்தாலும் பென்குயின் பாஸ்வேர்டு கேட்கும். பாதுகாப்பு முக்கியம் என்று நான் ஒரு முழ நீளத்துக்கு வைத்துத் தொலைத்திருந்தேன். மானிட்டரில் எழுதி ஒட்டக் கூடாது என்று சட்டமும் போட்டேன். அக்கா சட்டத்தை மதித்து, தினசரி காலண்டரில் அன்றைய தாளின் ஓரமாக எழுதி வைத்தார். மறுநாள் காலை முதல் ஆளாக வந்த அண்ணாத்தே வழக்கம்போல் தாளைக் கிழித்தார், கையிலிருந்த இங்க்கைத் துடைத்தார், குப்பையில் போட்டார். குப்பையைக் கிளறினோம். ராகு காலம் தெளிவாகத் தெரிந்தது. பாஸ்வேர்டில் முதல் மூன்று எழுத்துதான் மிச்சம், மற்றது வைத்த எனக்கே நினைவில்லை. நான் திரும்ப மாற்றி வைப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. உலகத்தில் எந்தத் திருடனாலும் நுழைய முடியாத கம்ப்யூட்டர்; சொந்தக்காரராலும் முடியவில்லை.

பாய் அன்று சாயங்காலம் அக்காவிடம் மிகவும் இனிமையாகப் பேசினார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்மா. ஒத்து வர்லன்னா டிசைன பூந்தமல்லில தெரிஞ்ச பையன் கடைல குடுத்து வாங்கிக்கலாம். நீயும் ஊட்ல கொஞ்சம் ரெஸ்ட் எடு."

எஸ்டேட்டில் முதலாளி வாயிலிருந்து "ரெஸ்ட்" என்ற சொல் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாளையிலிருந்து வராதே. அக்கா சரி பாய் என்றார். பதினாறு வருஷம் ஒரே சாஃப்ட்வேரில் உட்கார்ந்தவரை வேறு எந்தக் கடையில் எடுப்பார்கள்? ரயிலில் அவர் கூட வருகிற பெண்கள் எல்லோரும் இப்போது கிடங்குகளுக்குப் போய் நின்றுகொண்டே பெட்டி ஒட்டுகிறார்கள் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு முட்டி வலி.

அதற்குப் பிறகு அக்கா என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். ஸ்கேல் மேஜையிலேயே கிடந்தது. நான் வேண்டுமென்றே அவர் டீயில் சர்க்கரை அதிகம் போடச் சொல்லி வாங்கி வந்தேன். குடித்துவிட்டு கிளாஸை வைத்தார். ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

விஜயதசமியிலிருந்து பதினொன்றாவது நாள். காலை பத்து மணிக்கு ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய அப்பா முந்தின நாள் இறந்துவிட்டார். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள், அதற்குள் தெருவில் ஒட்டக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும். போனில் போட்டோ வைத்திருந்தார். பெரியவர் யாருடைய கல்யாணத்திலோ வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பழைய ஏழாக இருந்தால் அக்காவுக்கு இருபது நிமிஷ வேலை. கறுப்பு பார்டர், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் மாலை எல்லாம் தயாராக இருக்கும். போட்டோவை மாற்றி, பெயரை மாற்றினால் முடிந்தது. இப்போது அதெல்லாம் வால் முளைத்துப் பூட்டிக் கிடந்தது. அக்கா ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். பார்டர் போட்டார். போட்டோவை வைத்தார். பெரியவரின் பெயர் போட்டோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இழுத்தால் வரவில்லை. நான் இழுத்தேன். பெயர் வந்தது, பெரியவர் காணாமல் போனார். நான் பேசாமல் இருந்த சில நேரங்களில் அதுவும் ஒன்று. வந்தவர் எங்களை அவசரப்படுத்தவே இல்லை. சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். பதினொன்றே முக்கால்.

பாய் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், அந்த மனிதரைப் பார்த்தார். அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அம்பத்தூரில் ஒரு கடை இருக்கிறது, நான் போன் பண்ணிச் சொல்கிறேன், ஒரு மணிக்குள் கொடுத்துவிடுவார்கள் என்று அனுப்பி வைத்தார். பிறகு அக்காவிடம், மாசக் கடைசி வரை எதற்கும்மா கஷ்டப்படுகிறாய் என்றார். குரலில் கோபமே இல்லை.

அக்கா எழுந்தார். மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பையில் போட்டார். டிராயரைத் திறந்து தைலம், ஊசி நூல், ஒரு சின்ன சீப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்தார். நாற்காலியில் போட்டிருந்த சின்ன மெத்தையைத் தட்டி மடிக்க ஆரம்பித்தார். மெத்தை மடியவில்லை. பதினாறு வருஷம் உட்கார்ந்து அது நாற்காலியின் வடிவத்துக்கே வந்துவிட்டிருந்தது.

"பாய், ஒரு விசயம்" என்றேன். "டிஸ்க்க சொருகுனது நான்."

பாய் திரும்பினார். நானே தொடர்ந்தேன்.

"அக்கா எடுத்து வெக்கத்தான் சொன்னாங்க. சொருக சொல்லல. நான் அன்னிக்கு பாதிய சொல்லிட்டு நிறுத்திகினேன்."

ஆஃப்செட் நின்றது. அண்ணாத்தே தேவைப்பட்ட காதைத் திறந்திருந்தார்.

"ஏன்டா சொருகுன?" என்றார் பாய்.

"லைட்டு எரிஞ்சா சாமிக்கு தெரியும்னு."

பாய் தலையை ஆட்டினார். "சாமிக்கு தெரிஞ்சிடுச்சி. எனக்குத்தான் பதினோரு நாளா தெரியல."

சிரிப்பதா, ஓடுவதா என்று எனக்குப் புரியவில்லை. ஆரம்பித்ததை முடித்துவிடலாம் என்று மிச்சத்தையும் கொட்டினேன். "இந்த பென்குயினும் அக்காவுக்காக கொண்டாந்தது இல்ல பாய். நான் தப்பிச்சிக்கறதுக்கு கொண்டாந்தேன். அது நல்ல பொட்டிதான். ஆனா அக்காவுக்கு ஒத்து வருமான்னு நான் பாக்கவே இல்ல."

பாய் அக்கா பக்கம் திரும்பினார். நீ ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் பாய். வயர பாத்ததுமே இவன் வேலன்னு புரிஞ்சிகினேன்" என்றார் அக்கா. மெத்தையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "எடுத்து வெக்க சொன்னது நான்தான், அதுவும் நெசம். இவன் வாய மூடிகினு எத்தினி நாளு இருப்பான்னு பாத்துகினு இருந்தேன். பதினோரு நாளு. இவனுக்கு அது பெரிய சாதனதான்."

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னை வேலையை விட்டு அனுப்பப் போகிறார் என்று நினைத்து, ஆவடி கடையில் மறுபடி சேர்ப்பார்களா என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். கணக்கு வழக்கம்போல் வரவில்லை. ஆனால் பாய் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

"மாப்ள கிட்ட கேட்டேன். சர்வீஸ்காரன் கிட்ட கேட்டேன். இந்த கழுத கிட்டயும் கேட்டேன்" என்றார் அக்காவிடம். "ஒக்காந்து வேல செய்றது நீ. ஒன்ன யாரும் கேக்கலியேம்மா. ஒனக்கு இன்னா வேணும்?"

அக்கா யோசிக்கக்கூட இல்லை. பதினோரு நாளாக யோசித்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

"எனக்கு பழைய ஏழு வேணும் பாய். ஆனா அதுக்கு நெட்டு வேணாம். வர்றவன் போறவன் பென் டிரைவும் அதுல ஏறக்கூடாது. வெளிலேந்து எது வந்தாலும் மொதல்ல இந்த வாத்துகிட்ட வரட்டும். அது பாத்து, சுத்தமா கீறத மட்டும் என்னாண்ட குடுக்கட்டும்."

"வாத்த யாரு மேய்ப்பா?"

"இவன்தான். வைரஸுக்கு வைரஸ நல்லா அடையாளம் தெரியும்."

அண்ணாத்தே முதல் ஆளாகச் சிரித்தார். காது கேட்காது என்று யார் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க நான் மூலையில் கிடந்த பழைய பெட்டியோடு மல்லுக்கு நின்றேன். திருட்டு டிவிடி இனி இந்தக் கடைக்குள் வரக் கூடாது என்பது பாயின் கட்டளை. பெட்டியைப் புதிதாக வாங்கியபோது அதோடு ஒழுங்கான ஏழுதான் வந்தது, இடையில் வந்த சர்வீஸ்காரர்தான் மாற்றிவிட்டார் என்று அக்கா நினைவுபடுத்தினார். அதற்கான எண் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்டிக்கரையே காணோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதே இடத்தில் சந்தனம் அப்பி அப்பி, அங்கே ஒரு சின்ன மலை உருவாகியிருந்தது. ஈரத் துணியால் அடுக்கு அடுக்காகத் துடைத்தேன். அடியில் ஸ்டிக்கர் இருந்தது. பாதி மங்கிய எண்ணைப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கி, அக்காவும் நானும் சண்டை போட்டுக்கொண்டே படித்தோம். பெட்டியோடு வாங்கி அக்காவின் டிராயரில் கிடந்த சிடிகளிலிருந்து ஏழு ஏறியது, பேஜ்மேக்கர் ஏறியது, எழுத்துருக்கள் ஏறின. நெட் வயர் மாட்டும் ஓட்டையில் எம்-சீல் பசையை வைத்து அடைத்தேன். பென்குயின் பெட்டியை வாசல் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் போய்வர, சிவப்புக் கயிறு கட்டிய ஒரே ஒரு பென் டிரைவ். அது கடையை விட்டு வெளியே போகாது.

இது அசைக்க முடியாத பாதுகாப்பு என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். என் சத்தியத்துக்கு என்ன மரியாதை என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பென்குயின் பிடிக்கவில்லை என்றாலும் அதை வாசலில் நிறுத்தலாம், பழைய ஏழு ஆபத்து என்றாலும் அதை உள்ளே உட்கார வைக்கலாம் என்பது, இரண்டையும் அலசி வீடியோ போடுகிறவர்கள் யாரும் சொல்லாத யோசனை. பூட்டிப்போன டிசைன்கள் பூட்டிப்போனவைதான். அச்சடித்த மாதிரிகளை ஒட்டி வைத்த ஆல்பத்தைப் பார்த்துத் தினமும் மதியம் இரண்டு இரண்டாக நான் அடிக்க வேண்டும் என்பது எனக்குத் தண்டனை. ஒரு விரலால் அடிக்கிறேன். இந்த வேகத்தில் போனால் என் கல்யாணப் பத்திரிகையையும் நானே அடித்து முடிக்கும் வயதாகிவிடும்.

திங்கட்கிழமை காலையில் பாய் அக்காவின் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பூந்தமல்லிக் கடைக்குப் போன் போட்டார். "டிசைன் வேணாம்பா. எங்க கடைலயே ஆளு கீது" என்றார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மெத்தையை நாற்காலியில் போட்டு, நான்கு மூலையையும் இழுத்துச் சரிசெய்து உட்கார்ந்தார்.

முதல் கஸ்டமர் கிரகப்பிரவேசப் பத்திரிகைக்காக வந்தார். செம்பரம்பாக்கம் பக்கம் பிளாட் வாங்கிக் கட்டிய வீடாம். நேராக உள்ளே போனவரை மறித்துப் பென் டிரைவைக் கேட்டேன்.

"இன்னாபா, ஏர்போர்ட்டா இது?"

"ஆமாண்ணே. பெல்ட்ட கழட்ட வேணாம், அத மட்டும் குடுங்க."

பென்குயினில் சொருகினேன். வீட்டுப் படத்தோடு கூட இரண்டு ஒட்டுண்ணிகளும் வந்திருந்தன. கட்டி முடித்த வீட்டுக்குள் வாடகை கொடுக்காமல் இருவர் குடியிருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். படத்தை மட்டும் சிவப்புக் கயிறு கட்டியதில் ஏற்றிக்கொண்டு அக்காவிடம் போனேன்.

அக்கா ஏற்கெனவே அடிக்க ஆரம்பித்திருந்தார். மொட்டைப் பட்டன்கள் மேல் பத்து விரலும் ஓடின. திரையில் பார்டர் விழுந்தது, பிள்ளையார் வந்து நடுவில் உட்கார்ந்தார், நாளும் நேரமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. நான் பென் டிரைவைப் பிடித்தபடி நின்றிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"குடுடா" என்று கையை மட்டும் பின்னால் நீட்டினார். "வேடிக்க பாத்துகினு நிக்கறான்."

கொடுத்தேன்.